சாம் சூனோட பேரு, கம்ரி பாட்டியோட பல்லு, ஒரு கூடை கோஸ்

நடுவர் ஐயாவுக்கும், எதிரணில உக்காந்திருக்குற அண்ணன் அக்காங்களுக்கும், வேலைய விட்டுட்டு வந்து உக்காந்திருக்குற உங்க எல்லாருக்கும் வணக்கம்.

கொரியன் காதல் காமெடி தொடருங்க காட்டுறது கனவா வாழ்க்கையா, இதான் தலைப்பு. வாழ்க்கைதான்னு பேச வந்திருக்கேன். எனக்கு முன்னாடி பேசின அண்ணன் என்ன சொன்னாரு? ஹீரோன்னா பெரிய கம்பெனி முதலாளியோட பையன், ஹீரோயின்னா கடன்ல கெடக்குற பொண்ணு, அவன் கார்ல வந்து எறங்குனா இவ கஷ்டம் எல்லாம் தீந்துரும், இதைப் பாத்துப் பாத்து நம்ம வீட்டுப் பொண்ணுங்க எதிர்பார்ப்பே மாறிப்போச்சுன்னாரு. அதோட விடல. நிஜ கொரியால 2023-ல பிறப்பு விகிதம் ஒரு பெண்ணுக்கு 0.72 குழந்தைன்னு எறங்கிப் போச்சு, கல்யாணமே வேணாம்னு இருக்குற நாட்டுல இருந்து காதல் கதை வருதுன்னா அது கனவு இல்லாம வேற என்னன்னு கேட்டாரு. நல்லாத்தான் கேட்டாரு.

முதலாளி பையன் கதை இருக்குங்க, இல்லன்னு சொல்லல. 2009-ல வந்த பாய்ஸ் ஓவர் ஃப்ளவர்ஸ் அதான், 2022-ல வந்த பிசினஸ் ப்ரொபோசலும் அதான். ஆனா அண்ணே, காரை மட்டும் பாத்துட்டு கீழ எறங்காம வந்துட்டீங்க. அந்தப் பொண்ணு எங்க வேலை பாக்குறா, வாடகை எப்படிக் கட்டுறா, அவ அம்மா ஏன் கத்துறாங்க, இதெல்லாமும் அதே தொடர்ல தானே ஓடுது.

2005-ல எம்பிசி சேனல்ல மை லவ்லி சாம் சூன்னு ஒரு தொடர் வந்துச்சு. 16 எபிசோடு. கடைசி எபிசோடு ரேட்டிங் 50 சதவீதத்தைத் தாண்டிச்சு, அதாவது கணக்கெடுத்த வீடுகள்ல பாதிக்கு மேல அன்னைக்கு அதைத்தான் பாத்திருக்காங்க. அப்படிப் பாத்தது யாரைன்னு நெனைக்கிறீங்க? கிம் சாம் சூன், அவங்க ஊர் கணக்குக்கு முப்பது வயசு, ஒல்லி கெடையாது, வாய் நீளம், கேக் செய்யுற வேலை, பிரான்ஸ் போயி கத்துக்கிட்டு வந்தவ. கிறிஸ்மஸுக்கு முந்தின நாள் காதலன் விட்டுட்டுப் போயிடுறான். அந்த வேஷத்துக்காக நடிகை கிம் சன் ஆ எடையக் கூட்டிக்கிட்டு நடிச்சாங்க. சாம்னா கொரியன்ல மூணு. மூணாவது பொண்ணு, அதனால சாம் சூன், பழைய காலத்துப் பேரு. நம்ம ஊர்ல பொண்ணாவே பொறக்குதுன்னு போதும்பொண்ணுன்னு பேரு வச்சாங்களே, அந்தப் பேரைச் சொமந்துக்கிட்டு பள்ளிக்கூடத்துல அட்டெண்டன்ஸ் சொன்ன பொண்ணுங்களுக்குத் தெரியும் சாம் சூனுக்கு எங்க வலிக்குதுன்னு. ஹீ ஜின்னு பேரை மாத்தணும்னு தொடர் முழுக்க அலையுறா. ஒரு நாள் மழையில நனைஞ்சுக்கிட்டே ஹல்லாசான் மலையே ஏறுறா, ஜெஜு தீவுல இருக்குற மலை, 1,950 மீட்டர் உயரம், தென் கொரியாவுலயே அதான் பெருசு.

அதே 2005 மார்ச்சுல தான் கொரியா பார்லிமென்ட் ஹோஜுங்கிற சட்டத்தை ஒழிக்க ஓட்டுப் போட்டுச்சு. பொறந்தா அப்பா பேருக்குக் கீழ, கட்டிக்கிட்டா புருஷன் பேருக்குக் கீழன்னு பொண்ணுங்களைப் பதிவு பண்ணி வச்ச சட்டம் அது. 2008-ல தான் முழுசா போச்சு. சட்டசபைல அந்தச் சண்டை முடிஞ்சு மூணு மாசத்துல டிவில ஒரு பொண்ணு என் பேரை நான்தான் முடிவு பண்ணுவேன்னு நிக்குறா. இதைக் கனவுன்னா எப்படிங்க?

அண்ணன், சாம் சூன் வேலை பாக்குற ஓட்டலோட முதலாளியப் பத்திக் கேப்பாரு, அவன்தான் ஹீரோ. ஆமா, ஹ்யுன் பின் நடிச்ச அந்த ஆளு பணக்கார வீட்டுப் பையன் தான், சாம் சூன் வீட்டுக் கடனுக்கு அவங்க ஊர் காசுல அஞ்சு கோடி வோன் குடுத்து காதலியா நடிக்கச் சொல்லி ஒப்பந்தம் போடுறான். ஆனா கடைசில என்ன ஆச்சு? கல்யாண மண்டபம் இல்ல, மாளிகை இல்ல. அவன் அம்மா இன்னும் ஒத்துக்கல. சாம் சூன் பேரையும் மாத்தல, அந்தப் பேரோடயே நிக்குறா. நாளைக்கு நாங்க பிரிஞ்சாலும் பிரியலாம், இன்னைக்கு காதலிக்கிறோம்னு சொல்லிட்டு முடிக்கிறாங்க. கனவு காட்டுறவங்க அந்த எடத்துல தாலி கட்டிருப்பாங்க ஐயா.

கையப் புடிச்சு தரதரன்னு இழுக்குறது, செவுத்துல சாச்சு நிறுத்துறது, இதைப் பத்தி எதிரணி அக்கா கோவமா பேசினாங்க. அக்கா கோவம் நியாயம், எனக்கும் அந்த சீன்லாம் வந்தா பத்திக்கிட்டு வரும். ஆனா ஒண்ணு தெரிஞ்சுக்கோங்க, 2024-ல சாம் சூனை எடுத்த அதே டைரக்டர் அந்த 16 எபிசோடை எட்டா சுருக்கி மறுபடி வெளியிட்டாரு, அப்ப ஹீரோவோட முரட்டுத்தனம் இந்தக் காலத்துல ஏத்துக்க முடியாததுன்னு சொல்லி அதையெல்லாம் வெட்டிக் கொறைச்சாரு. பாக்குற பொண்ணுங்க வளந்தாங்க, கதையும் கூடவே வளந்துச்சு.

சரி, கம்ரி பாட்டிகிட்ட வரேன். 2021-ல வந்த ஹோம்டவுன் சா சா சா, இங்க நெறைய பேரு பாத்திருப்பீங்க, அங்க தலையாட்டுறாங்க பாருங்க. ஹே ஜின்னு ஒரு பல் டாக்டர், சியோல்ல பெரிய கிளினிக்ல வேலை. தேவையே இல்லாத வைத்தியத்தை நோயாளி தலையில கட்டச் சொல்றாங்கன்னு சண்டை போட்டு வேலைய விட்டுட்டு ஒரு கடலோர ஊருக்கு வந்து சேர்றா. ஊர் பேரு கோங்ஜின், அது கதைக்கு வச்ச பேரு, படம் புடிச்சது போஹாங் பக்கம். ஹீரோ டூ சிக்குக்கு கம்பெனின்னு எதுவும் இல்ல. ஊர்ல யாரு கூப்பிட்டாலும் போயி குழாய் ரிப்பேரு, பெயின்டு, காபி போடுறதுன்னு எந்த வேலைன்னாலும் செய்வான், அரசாங்கம் நிர்ணயிச்ச குறைஞ்சபட்ச கூலி மட்டும் வாங்குவான், அந்த வருஷம் மணிக்கு 8,720 வோன். முதலாளி பையன்னு சொன்னீங்களே அண்ணே, இவனை எந்த லிஸ்ட்ல சேப்பீங்க?

அந்த ஊர்ல கம்ரின்னு ஒரு பாட்டி. பல்லு போச்சு, மெல்ல முடியல, டாக்டர் இம்ப்ளான்ட் வைக்கலாம்னா வேணாம்னு எந்திரிச்சுப் போயிடுறாங்க. ஏன்னா காசு. வெளியூர்ல இருக்குற மகனுக்கு செலவு வைக்கக் கூடாது, இனிமே எத்தனை நாள் இருக்கப் போறேன், இந்த வயசுல எதுக்குன்னு ஒரு பேச்சு. இந்தப் பேச்சைக் கேக்காத வீடு இந்த ஹால்ல எத்தனை இருக்கும்? என் அப்பாயி கண் ஆபரேஷனுக்கு இதே வார்த்தைய சொல்லி ரெண்டு வருஷம் தள்ளிப் போட்டாங்க, அந்த ரெண்டு வருஷமும் அடுப்பைத் தடவித் தடவித்தான் பத்த வச்சாங்க. ஒரு காதல் காமெடியில ஹீரோவும் ஹீரோயினும் கொஞ்சிக்கிட்டு இருந்தாலே போதும், கிழவி பல்லுக்கு அத்தனை நேரம் ஒதுக்குனாங்களே, அது யாருக்குத் தோணும்? கடைசில அந்தப் பாட்டி தோழிங்க ரெண்டு பேரோட ராத்திரி படுத்துப் பேசிட்டு இருந்துட்டு தூக்கத்துலயே போயிடுறாங்க. சின்ன வயசுல தாத்தா செத்ததுல இருந்து அழவே தெரியாம வளந்த டூ சிக், பாட்டி எழுதி வச்சுட்டுப் போன கடுதாசியப் படிச்சுட்டுதான் ஒடையுறான். அந்த எபிசோடு பாத்த அன்னைக்கு ராத்திரி பதினோரு மணிக்கு நான் அப்பாயிக்கு ஃபோன் பண்ணேன். எதுக்குடி இந்நேரத்துலன்னு திட்டுனாங்க, திட்டு வாங்குனதும் தான் தூக்கம் வந்துச்சு.

இப்ப அண்ணனோட 0.72. ஏன் அந்த ஊர்ல கல்யாணத்துக்கு பயப்படுறாங்க? அதையும் ஒரு காதல் காமெடிதான் எனக்கு சொல்லிக் குடுத்துச்சு, 2017-ல வந்த பிகாஸ் திஸ் இஸ் மை ஃபர்ஸ்ட் லைஃப். ஜி ஹோன்னு ஒரு பொண்ணு, முப்பது வயசு, சீரியல் எழுதுறவங்களுக்கு உதவியாளரா வேலை. தம்பி பொண்டாட்டி மாசமா இருக்கா, அவங்க ரெண்டு பேரும் குடி வந்ததும் இவளுக்கு வீடு இல்ல. சே ஹீன்னு ஒரு பையன், வீடு வாங்கிட்டான், லோனைக் கட்டிக் கட்டியே கெழவனாயிடுவான் போல, அந்த வீட்டுக்கு வாடகை குடுக்க ஒரு ஆள் வேணும். ரெண்டு பேரும் உக்காந்து கணக்குப் போட்டு ரெண்டு வருஷ ஒப்பந்தத்துக்கு கல்யாணம் பண்ணிக்கிறாங்க. சியோல்ல வீடுங்கிறது சும்மா மாச வாடகை மட்டும் இல்லைங்க, ஜியோன்சேன்னு ஒரு முறை இருக்கு, வீட்டு மதிப்புல பாதிக்கு மேல கூட மொத்தமா அட்வான்ஸ் குடுத்துட்டு குடி போகணும். நம்ம ஊர் ஒத்தி மாதிரின்னு வச்சுக்கோங்க. சம்பளக்காரப் பொண்ணு அதுக்கு எங்க போவா?

இந்தத் தொடரை எங்க அம்மாவோட பாத்தேன். சப்டைட்டிலைப் படிச்சுப் படிச்சு நான் தமிழ்ல சொல்ல அம்மா பூ கட்டிக்கிட்டே கேப்பாங்க. ஒரு எபிசோடுல மாமியார் வீட்டுல ஜேசா, செத்துப்போன பெரியவங்களுக்குப் படைக்கிறது, நம்ம தெவசம் மாதிரி. மருமகள்னு போயி நின்ன ஜி ஹோ வேலை செய்யுறா செய்யுறா செஞ்சுக்கிட்டே இருக்கா, வேணாம்னு சொல்லத் தெரியல, நல்ல மருமகள்னு பேரு எடுக்கணுங்கிற அந்த நோய் அவளுக்கும் இருக்கு. அம்மா பூ கட்டுறதை நிறுத்திட்டு, அங்கயும் இதே கதைதானான்னாங்க. வேற ஒண்ணும் சொல்லல. அம்மா கல்யாணம் ஆகி வந்த வருஷம் தாத்தா தெவசத்துக்கு காலையில மூணு மணிக்கு எந்திரிச்சு வடைக்கு ஆட்டுக்கல்லுல ஆட்டுனதும், சாயங்காலம் வரைக்கும் பச்சத்தண்ணி பல்லுல படாம நின்னதும், யாரும் நீ சாப்டியான்னு கேக்காததும் எனக்குத் தெரியும், அம்மா சொல்லி இல்ல, சித்தி சொல்லி.

அப்புறம் என்ன நடக்குதுன்னா, அந்தப் பையன் சே ஹீ, நீ எங்க வீட்டுல வேலை செஞ்சே, அதுக்கு பதிலுக்கு நான் உங்க வீட்டுல செய்யணும்னு சொல்லி அவ அம்மா வீட்டுக்கு கிம்ஜாங் பண்ணக் கெளம்பிப் போறான். கிம்ஜாங்னா மழைக்காலத்துக்கு முன்னாடி நம்ம வத்தல் வடகம் போட்டு வைக்கிற மாதிரி, அங்க பனிக்காலத்துக்கு ஊரே கூடி கோஸை உப்புல ஊறப்போட்டு மசாலா தடவி கிம்ச்சி போடுறது, 2013-ல யுனெஸ்கோ பட்டியல்லயே சேத்த வழக்கம். மூட்டை மூட்டையா கோஸ் கெடக்கு, மருமகன் அதுக்கு நடுவுல இடுப்பு ஒடிய உழைக்கிறான்.

அம்மா கேட்டாங்க, இந்தப் பையன் மாமியார் வீட்டுல கோஸுக்கு மசாலா தடவுறானா? ஆமாம்மான்னேன். கொஞ்ச நேரம் பேசவே இல்ல. அப்புறம் ரிமோட்டை என்கிட்ட நீட்டி, முதல்ல இருந்து போடு, நான் சரியா பாக்கலன்னாங்க. மூணு தடவை பாத்தாங்க ஐயா. மூணாவது தடவை உள்ள இருந்த அப்பாவையும் கூப்பிட்டு பக்கத்துல உக்கார வச்சாங்க.

என் நேரம் முடிஞ்சிருச்சு. தீர்ப்பு உங்க கையில, நன்றி வணக்கம்.