கரட் சத்து மாத்திரை வயதானவர்களுக்கு எதிர்ப்புச் சக்தி தருமா?

மஸ்கெலியாவிலிருந்து ஒரு அக்கா கேட்டிருக்கிறார். தோட்டத்தில் வேலை செய்து ஓய்வு பெற்ற அவருடைய அப்பாவுக்கு வயது 68. நோய் எதுவும் இல்லை; மழை தொடங்கினால் மட்டும் சளி பிடித்துக்கொள்ளும். பார்மசியில் சொன்னார்கள் என்று மாதாமாதம் பீட்டா கரோட்டின் (கரட்டில் இருக்கும், உடம்பில் விட்டமின் ஏ ஆக மாறும் சத்து) மாத்திரை வாங்குகிறாராம். "எதிர்ப்புச் சக்தி கூடுமா?" என்பதுதான் கேள்வி.

அக்கா, அப்பா பீடி, சிகரெட் பிடிப்பவரா? அப்படியென்றால் அந்த மாத்திரையை இன்றைக்கே நிறுத்திவிடுங்கள். முன்பு பிடித்துப் பிறகு விட்டவர் என்றாலும் வேண்டாம். பின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்கள் 29,000 பேருக்கு மேல் சேர்த்து ஓர் ஆய்வு நடந்தது. அவர்களில் ஒரு பகுதியினருக்குத் தினமும் 20 மில்லிகிராம் பீட்டா கரோட்டின் கொடுத்தார்கள். புற்றுநோயைத் தடுக்கும் என்று நம்பித்தான் கொடுத்தார்கள். 1994இல் முடிவு வந்தபோது, அதை எடுத்தவர்களிடம் நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் கூடுதலாக இருந்தது. அமெரிக்காவில் நடந்த இன்னோர் ஆய்விலும் இதே ஆபத்து தெரிந்ததால், 1996இல் அதை முன்கூட்டியே நிறுத்திவிட்டார்கள்.

புகைக்காதவர் என்றால் பலன் உண்டா? வேறோர் ஆய்வில் அமெரிக்க மருத்துவர்கள் பல ஆண்டுகள் ஒரு நாள் விட்டு ஒரு நாள் 50 மில்லிகிராம் எடுத்தார்கள். அவர்களில் 65 வயதைத் தாண்டியவர்களின் இரத்தத்தில், கிருமி புகுந்த அணுக்களை அழிக்கும் ஒரு வகை வெள்ளையணு கூடுதல் சுறுசுறுப்பாக இருந்தது உண்மைதான். ஆனால் எதிர்ப்புச் சக்தியின் இன்னொரு தூணான டி அணுக்களில் மாற்றம் தெரியவில்லை. ஆய்வுகூடத்தில் ஓர் அணு சுறுசுறுப்பாவதை வைத்து, வீட்டில் சளி குறையும் என்று சொல்ல முடியாது.

விட்டமின் ஏ குறைந்தால் எதிர்ப்புச் சக்தி தளரும். அதற்கு உங்கள் ஊரிலேயே வழி இருக்கிறது: நுவரெலியா கரட், மஞ்சள் பூசணி, பொன்னாங்காணி, முருங்கைக்கீரை. பச்சையாகக் கொடுப்பதைவிட நன்றாக வேகவைத்து, கொஞ்சம் தேங்காய்ப்பால் சேர்த்துக் கொடுங்கள். கொழுப்போடு சேர்ந்தால்தான் இந்தச் சத்து உடம்பில் சரியாகச் சேரும். பல் விழுந்த பிறகு பலர் மரக்கறியையே ஒதுக்கிவிடுகிறார்கள், எனக்கு அதுதான் பெரிய கவலை. அப்பாவுக்கு மசித்துக் கொடுங்கள். மாத்திரைக்குப் போகும் காசில் முட்டையும் நெத்தலியும் வாங்கலாம்.

சளிக்காலத்துக்கு முன் இன்புளுவென்சா தடுப்பூசி போடலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். போகும்போது அந்த மாத்திரைப் போத்தலையும், அப்பா எடுக்கும் வேறு விட்டமின்கள் இருந்தால் அவற்றையும் கொண்டுபோய்க் காட்டுங்கள். அவற்றிலும் பீட்டா கரோட்டின் கலந்திருக்கலாம்.