மரபு வேறு, ஊர் வாய் வேறு

நடுவர் அவர்களே, இரு அணியிலும் அமர்ந்திருக்கும் பேச்சாளர்களே, பொறுமையோடு கேட்டுக்கொண்டிருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே, அனைவருக்கும் வணக்கம்.

'கலையை வாழவைப்பது தனிமனிதரின் துணிவா, ஊரின் எதிர்பார்ப்பா?' இது இன்றைய தலைப்பு. தனிமனிதரின் துணிவே என்று வாதாட வந்திருக்கிறேன். பரதம் சொல்லிக்கொடுப்பது என் தொழில். ஆகவே எனக்குப் பழக்கமான அந்த மேடையை வைத்தே பேசுகிறேன்.

எனக்கு முன் பேசிய எதிரணிச் சகோதரர் இரண்டு கேள்விகளை வீசிவிட்டு அமர்ந்தார். 'ஊரோடு ஒத்து வாழ் என்று பெரியவர்கள் சும்மாவா சொன்னார்கள்?' என்றார். 'அடவு என்ற அடிப்படை அசைவும், தாளமும், பதம் என்ற காதல் பாட்டும் ஊர் கொடுத்தவை. அவற்றை வாங்கிக்கொண்டு அந்த ஊரையே எதிர்ப்பது நன்றி மறந்த செயல் இல்லையா?' என்றும் கேட்டார். கைதட்டல் வாங்கியது முதல் கேள்வி. கனமானது இரண்டாவது. அதற்கே முதலில் வருகிறேன்.

அடவும் தாளமும் கொடுத்தது மரபு, ஐயா. ஊர் வாய் அல்ல. அந்த ஊர் வாய் நம் ஆட்டத்தை என்ன பாடு படுத்தியது என்று சொல்கிறேன்.

இன்று மகளுக்கு அரங்கேற்றம் என்றால் மண்டபம் பிடிக்கிறோம், பத்திரிகை அடிக்கிறோம், உற்றார் உறவினர் அனைவரையும் அழைக்கிறோம். 1930-களின் தொடக்கத்தில் இதே ஆட்டத்துக்குச் சதிர் என்று பெயர். கௌரவமான வீட்டுப் பெண் அதன் பக்கமே போகக் கூடாது என்று இதே சென்னை சொன்னது. சிறுமிகளைக் கடவுளுக்கு மனைவி என்று கோயிலுக்குப் பொட்டுக்கட்டி விடும் கொடுமையை எதிர்த்து டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி போராடினார். அந்தப் போராட்டத்தின் முன் நான் தலைவணங்குகிறேன். 1947-இல் அதற்குச் சட்டமும் வந்தது. ஆனால் கொடுமையைக் கைவிட வேண்டிய ஊர், அந்தக் கலையையும், தலைமுறை தலைமுறையாக அதைக் காத்த பெண்களையும் சேர்த்தல்லவா கைவிடப் பார்த்தது? பொட்டுக்கட்டச் சொன்னதும் ஊர்தான். பிறகு அவர்களைக் கண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டதும் அதே ஊர்தான். இந்த அநியாயத்தை நினைத்தால் இன்றும் எனக்கு வயிறு எரிகிறது.

அந்த நேரத்தில் இ. கிருஷ்ண ஐயர் என்ற வக்கீல் சதிரைக் கற்று, பெண் வேடமிட்டு மேடையேறி ஆடினார். கருப்புக் கோட்டு போட்ட மனிதர் சலங்கை கட்டினால் ஊர் என்ன பேசியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அவர் நிற்கவில்லை. 1931-இல் சென்னை மியூசிக் அகாடமியில் சதிர்க் கலைஞர் கல்யாணியின் மகள்கள் இருவரின் சதிர்க் கச்சேரி நடந்ததற்கு அவரே முன் நின்றார். 1935-இல் ருக்மிணி தேவி அடையாறு பிரம்மஞான சபையில் ஆடினார். பதினாறு வயதில் வெள்ளைக்காரரான அருண்டேலை மணந்ததற்காகவே ஊர் தூற்றிய பெண் அவர். பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் கற்றதை மேடையேற்றினார். மறு ஆண்டே அவருடைய கலைப் பள்ளியான கலாக்ஷேத்திரா பிறந்தது.

இவர்களைவிட எனக்கு நெருக்கமானவர் பாலசரஸ்வதி. வீணை தனம்மாளின் பேத்தி. 1925-இல் ஏழு வயதில் காஞ்சிபுரத்தில் அரங்கேறியவர். சிருங்காரம் என்ற காதல் சுவையைக் குறை, அப்போதுதான் நாலு பேர் ஏற்பார்கள் என்று காலமே சொன்னபோது அவர் குறைக்கவில்லை. ருக்மிணி தேவியின் பாதை வேறு, இவருடைய பாதை வேறு. இருவரும் கடைசி வரை தங்கள் கருத்தை விட்டுக்கொடுக்கவில்லை. பாலசரஸ்வதி பதத்தைத் தானே பாடிக்கொண்டு அபிநயம் பிடிப்பார். அழகு காட்டுவது வேறு, அந்த நாயகியாகவே ஆகிவிடுவது வேறு. அவர் செய்தது இரண்டாவது. பாட்டுக்கும் வாத்தியத்துக்கும் வழங்கும் சங்கீத கலாநிதி விருதை 1973-இல் இந்த நடனக்காரருக்கு மியூசிக் அகாடமி வழங்கியது. ஊர் சொன்னபடி அவர் தன்னை மாற்றிக்கொண்டிருந்தால், அந்தப் பதங்களை அந்த ஆழத்தில் நாம் கேட்டிருப்போமா?

நம் காலத்துக்கு வருகிறேன். நர்த்தகி நடராஜ். மதுரையில் ஆண் பிள்ளையாகப் பிறந்ததாகக் கருதப்பட்டு, தன்னைப் பெண் என்று உணர்ந்த திருநங்கை. வீட்டையே இழக்க வைத்தது ஊரின் ஏச்சு. அவர் போய் நின்றது யார் வாசலில் தெரியுமா? தஞ்சாவூர் கிட்டப்பா பிள்ளையின் வாசலில். பரதக் கச்சேரிக்கு இன்றைய வடிவம் கொடுத்த சகோதரர்களான தஞ்சை நால்வரின் வழித்தோன்றல் அவர். பரதத்தில் அதைவிடப் பெரிய மரபு எது? அந்த மரபுதான் அவரை மாணவியாக ஏற்றது, நர்த்தகி என்று பெயரும் சூட்டியது. 2019-இல் பத்மஸ்ரீ வந்தது. எதிரணிச் சகோதரரே, மரபின் பெயரால் ஊர் விரட்டிய பெண்ணை மரபே அழைத்து உட்காரவைத்தது. இதற்கு மேல் உங்கள் இரண்டாவது கேள்விக்கு நான் என்ன பதில் சொல்ல வேண்டும்?

இனி முதல் கேள்வி. ஒத்து வாழ்வது நல்லதுதான். அடுத்தவரை ஏமாற்றினால், அடித்தால், அபகரித்தால் ஊர் தாராளமாகத் தட்டிக் கேட்கட்டும். ஆனால் ஒரு சிறுவன் ஆடுவதற்காக முழங்காலை மடக்கி அரைமண்டியில் உட்கார்ந்தால் ஊருக்கு என்ன நஷ்டம்? என் வகுப்பில் ஒரு பையன் இருந்தான். தாளம் போடும் தட்டுக்கழியில் நான் வேகமான மூன்றாம் காலம் தட்டத் தொடங்கினால் மற்றப் பிள்ளைகளின் பாதம் தாளத்தைத் துரத்திக்கொண்டு ஓடும். அவன் பாதம் தாளத்தின் மேலேயே விழும். உள்ளங்கால் முழுவதும் தரையில் படிந்து எழும் அந்தச் சத்தத்தைக் கேட்க எத்தனை ஆசிரியர்கள் ஏங்குகிறார்கள்! ஒரு நாள் அவன் தந்தை வந்து நின்றார். நல்ல மனிதர். மகன் மேல் உயிரையே வைத்திருப்பவர். 'நன்றாகத்தான் ஆடுகிறான் டீச்சர். ஆனால் பையன் ஆடினால் நாலு பேர் என்ன சொல்வார்கள்?' என்றார். அத்தோடு அவன் வரவில்லை. அந்த நாலு பேரும் இன்று வேறு யாரையோ பேசிக்கொண்டிருப்பார்கள். அவனை மறந்தே போயிருப்பார்கள். அவர்களுக்காக அவன் விட்ட ஆட்டத்தை யார் திருப்பித் தருவது?

எங்களுக்குக் கற்றுக்கொடுத்த நட்டுவனார்கள் அத்தனை பேரும் ஆண்கள். கிட்டப்பா பிள்ளையும் மீனாட்சிசுந்தரம் பிள்ளையும் ஆண்கள். இதை அந்தத் தந்தையிடம் சொன்னேன். தலையாட்டினார். ஆனாலும் ஊர் வாய்தான் அவர் காதில் பலமாகக் கேட்டது.

அடுத்துப் பேச வரும் எதிரணி நண்பருக்கு ஒரு கேள்வியை விட்டுச் செல்கிறேன். 1931-இல் கல்யாணியின் மகள்கள் ஆடிய அன்று நீங்கள் சென்னையில் இருந்திருந்தால், ஊருக்குப் பயந்து வீட்டில் இருந்திருப்பீர்களா, டிக்கெட் வாங்கி உள்ளே போயிருப்பீர்களா? அதற்குப் பதில் சொல்லிவிட்டு உங்கள் வாதத்தைத் தொடங்குங்கள். நடுவர் அவர்களே, நன்றி, வணக்கம்.