ஹெலன் சாவேஸ்: பேரேட்டின் முன் அமர்ந்த பெண்

நேயர்களுக்கு வணக்கம்.

கலிஃபோர்னியாவின் பேக்கர்ஸ்ஃபீல்டு நகரில், 2016 ஜூன் 6 அன்று, ஹெலன் சாவேஸ் என்ற மூதாட்டி காலமானார். வயது 88. எட்டுப் பிள்ளைகளைப் பெற்றவர். பண்ணைத் தொழிலாளர் சங்கத் தலைவர் செசார் சாவேஸின் மனைவி என்றுதான் உலகம் அவரை அறியும். மேடை ஏறமாட்டார், பத்திரிகைக்காரர்களைக் கண்டால் ஒதுங்கிக்கொள்வார். அதனால் அவரைப் பற்றிப் பேச அவர் ஆற்றிய உரைகள் எதுவும் இல்லை. பேசுவதற்கு இருப்பது அவருடைய வேலை. முக்கியமாக, அவர் எழுதிய கணக்கு.

பிறந்தது 1928 ஜனவரியில், பிராலி என்ற ஊரில். மெக்சிகோ எல்லையை ஒட்டிய இம்பீரியல் பள்ளத்தாக்கில், கடல் மட்டத்துக்கும் கீழே கிடக்கிற ஊர் அது. வெயில் சுட்டெரிக்கும். பெற்றோர் மெக்சிகோவிலிருந்து வந்தவர்கள். ஹெலன் ஃபபேலா என்ற அந்தச் சிறுமி ஏழு வயதிலேயே வயலில் இறங்கினாள். குடும்பம் சில காலம் குதிரை லாயத்தை மாற்றியமைத்த இடத்தில் குடியிருந்தது. பிறகு வடக்கே டெலானோவுக்கு நகர்ந்தார்கள். அப்பா இறந்ததும் வீட்டுக்குச் சம்பாதிக்க உயர்நிலைப் பள்ளியைப் பாதியில் விட்டார். மளிகைக் கடையிலும் வேலை பார்த்தார், தோட்டத்திலும் பார்த்தார். 1948 இல் திருமணம். பின்னர் குடும்பம் சான் ஹொசே நகரில் 'சால் சி புவேதெஸ்' என்ற குடியிருப்புக்குப் போனது. 'முடிந்தால் தப்பிப் போ' என்பது அந்தப் பெயருக்குப் பொருள். தெருவின் நிலை பெயரிலேயே தெரிகிறது.

1962 இல் கணவர் சம்பள வேலையை உதறிவிட்டுச் சங்கம் தொடங்க டெலானோவுக்குத் திரும்பினார். மூத்த மகனுக்கு 13 வயது. கடைக்குட்டிக்கு இன்னும் பள்ளி வயது வரவில்லை. உலை கொதிக்க வேண்டுமே? ஹெலன் மறுபடி திராட்சைத் தோட்டத்துக்குப் போனார். சங்கம் பிறந்த கதையைச் சொல்பவர்கள் இந்த இடத்தை ஒரு வரியில் தாண்டிவிடுவார்கள். ஆனால் அந்த மாதங்களில் சங்கத்தின் முதல் நிதி என்பது ஒரு தாய் வாங்கிய கூலிதான் என்பேன்.

அது என்ன வேலை என்று கொஞ்சம் பார்ப்போம். டெலானோ சாப்பிடும் திராட்சைக்குப் பேர்போன வட்டாரம். அறுவடைக் காலத்தில் 38 டிகிரிக்கு மேல் போகும் நாட்கள் சாதாரணம். மாம்பழத்தைக் காயாகப் பறித்துப் பழுக்க வைக்கலாம், திராட்சையை முடியாது. கொடியை விட்டுப் பிரிந்தபின் அதில் இனிப்பு ஏறாது. ஆகவே ஒவ்வொரு குலையையும் நிறம் பார்த்துத்தான் வெட்ட வேண்டும். காம்பைப் பிடித்துத்தான் தூக்க வேண்டும், பழத்தில் விரல் படக்கூடாது. பழத்தின் மேல் சாம்பல் பூத்தாற்போல் மெழுகுப் படலம் இருக்கும். அது அழிந்தால் பழம் பழையதாகத் தெரியும், விலை இறங்கும். பிறகு குலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, அழுகியது, வெடித்தது, சுருங்கியது எல்லாவற்றையும் சிறு கத்தரியால் நீக்க வேண்டும். வெடித்த ஒரு பழத்தை விட்டால் அதிலிருந்து பூஞ்சை பரவிப் பெட்டியே கெடும். இத்தனையும் வேகமாக நடக்க வேண்டும், ஏனென்றால் மணிக்கூலியோடு பெட்டிக்கு இத்தனை என்றும் ஒரு கணக்கு உண்டு. சாம்பல் நோய்க்காகத் தூவிய கந்தகத் தூள் இலைகளில் படிந்திருக்கும். வியர்வையோடு கலந்து கண்ணில் இறங்கினால் எரியும். கையால் துடைத்தால் இன்னும் எரியும், கையிலும் அதே தூள்தானே.

சரி, கணக்குக்கு வருகிறேன். 1963 இல் சங்கம் தன் உறுப்பினர்களுக்காக ஒரு கூட்டுறவுக் கடன் சங்கம் தொடங்கியது. வங்கி இவர்களைத் திரும்பிப் பார்க்காது. நிலையான முகவரி கிடையாது, ஆண்டு முழுக்க வேலை கிடையாது. மூலதனமாக 3,700 டாலர் தேவைப்பட்டது. செசாரின் தம்பி ரிச்சர்டு தன் வீட்டை அடமானம் வைத்துக் கொடுத்தார். பணம் வந்துவிட்டது. கணக்கு எழுத ஆள் இல்லை. ஹெலனுக்குக் கணக்குப் பதிவு தெரியாது. கற்றுக்கொண்டார். இருபது ஆண்டுகளுக்கும் மேல் அந்த நாற்காலியில் அவர்தான்.

கணினி இல்லாத காலத்தில் இது எவ்வளவு நுணுக்கமான வேலை என்பதற்கு ஓர் உதாரணம். அன்றைய அமெரிக்கக் கடன் சங்கங்களில் வட்டி வழக்கமாக நிலுவைத் தொகையின் மீது மாதம் 1 விழுக்காடு வரை. ஒருவர் 100 டாலர் வாங்கி மாதம் 20 டாலராக அசலைத் திருப்பினால், முதல் மாத வட்டி 1 டாலர், அடுத்தது 80 சென்ட், பிறகு 60, 40, 20. மொத்தம் 3 டாலர். சுலபம்தான். ஆனால் உறுப்பினர் பயிரைத் தொடர்ந்து ஊர் ஊராகப் போகிறவர். ஒரு மாதம் 12 டாலர் கொடுப்பார், அடுத்த மாதம் ஒன்றும் வராது, அறுவடை முடிந்ததும் 50 டாலர் கொண்டுவருவார். ஒவ்வொரு முறையும் வட்டியைப் புதிதாகப் போட்டு, மீதியை அசலில் கழித்து, உறுப்பினரின் அட்டையிலும் அவர் கையிலுள்ள புத்தகத்திலும் ஒன்றுபோல் ஏற்ற வேண்டும்.

கையால் எழுதும் கணக்கில் இரண்டு தவறுகள் வாடிக்கை. ஒன்று, இலக்கம் இடம் மாறுவது: 54 ஐ 45 என்று எழுதிவிடுவது. மாலையில் கூட்டிப் பார்க்கும்போது வரும் வித்தியாசம் 9 ஆல் மீதியின்றி வகுபட்டால், முதலில் இதைத்தான் தேட வேண்டும். இரண்டாவது பொல்லாதது. ஒருவர் கட்டிய பணத்தை அதே பெயருள்ள இன்னொருவர் அட்டையில் ஏற்றிவிடுவது. ஹொசே கார்சியா என்ற பெயரில் எத்தனை பேர் இருப்பார்கள், யோசித்துப் பாருங்கள்! மொத்தக் கூட்டல் சரியாகவே நிற்கும், பிழை வெளியே தெரியாது. ஆளின் புத்தகத்தை வாங்கி ஒத்துப் பார்த்தால்தான் அகப்படும். ஏழைகளின் சங்கத்தில் இப்படி ஒரு தவறு நடந்தால் போவது பணம் மட்டுமல்ல. 'நம்ம காசைத் தின்னுட்டாங்க' என்ற பேச்சு ஒரே நாளில் முகாம் முழுக்கப் பரவிவிடும். ஹெலன் பொறுப்பில் இருந்த காலத்தில் அந்தச் சங்கம் 2 கோடி டாலருக்கும் மேல் கடன் கொடுத்ததாகத் தொழிலாளர் சங்கம் சொல்கிறது.

மென்மையானவர் என்று நினைத்துவிட வேண்டாம். 1965 செப்டம்பர் 8 அன்று டெலானோவில் ஃபிலிப்பினோ தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் தொடங்கினார்கள். மணிக்கு 1.40 டாலர், பெட்டிக்கு 25 சென்ட் என்பது கோரிக்கை. மெக்சிகோ வழியினர் நிறைந்த செசாரின் சங்கத்தில் தலைவர்கள் தயங்கினார்கள். கையில் பணமில்லை, இன்னும் தயாராகவில்லை. நாம் ஒரு தொழிற்சங்கமா, இல்லையா என்று ஹெலன் கேட்டார். விவாதம் முடிந்தது என்கிறார்கள் உடனிருந்தவர்கள். 16 ஆம் தேதி கூட்டத்தில் தாங்களும் வேலைநிறுத்தத்தில் இறங்குவதென்று முடிவானது. அடுத்த மாதம், 'உவெல்கா' என்று கத்தக்கூடாது என வட்டாரக் காவல் தலைவரான ஷெரிஃப் தடை போட்டார். ஸ்பானிய மொழியில் 'வேலைநிறுத்தம்' என்பதுதான் அந்தச் சொல். ஒரு சொல்லுக்குத் தடை! கத்திக் கைதான 44 பேரில் ஹெலனும் ஒருவர். 1978 இல் அரிசோனாவின் யூமாவில், மறியலுக்கு எதிரான நீதிமன்ற ஆணையை மீறிக் கணவருடன் மறுபடி கைதானார்.

1970 களின் தொடக்கத்தில் சங்கத்தின் தலைமையகம் கீன் என்ற மலையூருக்கு மாறியது. பழைய காசநோய் மருத்துவமனை வளாகம் அது, 'லா பாஸ்' என்று பெயர் வைத்தார்கள். அங்கே முழுநேர ஊழியருக்குச் சாப்பாடும் இடமும் போக வாரம் 5 டாலர். எட்டுப் பிள்ளைகள் உள்ள வீட்டை அதில் எப்படி நடத்தினார் என்பதற்கு ஒரு பேரேடு இருந்திருந்தால் நன்றாயிருக்கும்.

1993 ஏப்ரலில் செசார் இறந்தார். அடுத்த ஆண்டு அவருக்கு அளிக்கப்பட்ட ஜனாதிபதி பதக்கத்தை ஹெலன் பெற்றுக்கொண்டார். 2012 அக்டோபரில் லா பாஸைத் தேசிய நினைவிடமாக ஜனாதிபதி ஒபாமா அறிவிக்க வந்தபோது, ஹெலனும் உடன் நின்று கல்லறைக்கு மலர் வைத்தார். நினைவிடம் ஆன பின்னும் அங்கிருந்த பழைய வீட்டில்தான் அவர் குடியிருந்தார். இப்போது அதே வளாகத்துத் தோட்டத்தில், கணவர் பக்கத்தில், அவருடைய கல்லறையும் இருக்கிறது.

வணக்கம்.