மல்லிக்கும் பிச்சிக்கும் நடுவே

நேயர்களுக்கு வணக்கம். கண்ணைக் கட்டிவிட்டு இரண்டு பூவை நீட்டினாலும், இது குண்டுமல்லி, இது பிச்சி என்று பூக்கட்டுகிறவர்கள் சொல்லிவிடுவார்கள். இரண்டுமே ஜாஸ்மினம் என்ற ஒரே பேரினத்துச் செடிகள். உறவு இவ்வளவு நெருக்கமாக இருக்க, மணம் மட்டும் ஏன் மாறுகிறது?

இதைக் கண்டறியப் பூவைப் பறிக்க வேண்டியதுகூட இல்லை. செடியில் இருக்கும் பூவைக் கண்ணாடிக் குடுவையால் மூடி, அதைச் சுற்றியுள்ள காற்றில் இருக்கும் மணப்பொருள்களைச் சேகரிக்கிறோம். அவற்றை ஊசித் துளை போன்ற, ஏறக்குறைய 30 மீட்டர் நீளச் சுருள் குழாயில் செலுத்திச் சூட்டை மெல்ல ஏற்றினால், ஒவ்வொரு சேர்மமும் தனக்குரிய நேரத்தில் மறுமுனைக்கு வரும். அங்கே அதை உடைத்து, துண்டுகளின் நிறையை வைத்து இன்னதென்று சொல்லிவிடலாம்.

இரண்டு பூவிலும் பென்சைல் அசிடேட் உண்டு, அது பழவாடை. லினலூலும் உண்டு. கொத்தமல்லி விதையை நசுக்கினால் எழுகிற வாசனையில் பெரும்பங்கு அதுதான். வேறுபாடு எங்கே என்றால், பிச்சியில் தெளிவாகத் தெரியும் சிஸ்-ஜாஸ்மோன் குண்டுமல்லியில் அநேகமாக இல்லை. குண்டுமல்லியிலோ மெத்தில் ஆந்த்ரனிலேட் தூக்கலாக இருக்கும். திராட்சை மிட்டாய்க்கு மணம் தருவது அதே பொருள்தான்!

எனக்கு மிகவும் பிடித்தது இண்டோல். செறிவாக முகர்ந்தால் முகம் சுளிக்க வைக்கும். மலத்திலும் இருக்கிற பொருள் அது. ஆனால் இம்மியளவு சேரும்போதுதான் மல்லிகை மல்லிகையாகிறது. அதனால் எந்தச் சேர்மம் எவ்வளவு என்று கருவி வரைந்து தரும் வரைபடத்தில் எது உயரமாக நிற்கிறது என்று மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவோம். குழாயின் மறுமுனையில் ஓர் ஆளை உட்காரவைத்து, வெளிவரும் ஒவ்வொன்றையும் மூக்கால் முகர்ந்து குறிக்கச் சொல்லும் முறை இன்றும் இருப்பது இதனால்தான்.

இன்னொன்று, நேரம். காலையில் பறித்த குண்டுமல்லி மொட்டில் மணம் அவ்வளவாக இருக்காது. மொட்டுக்குள் அது சேர்த்துவைக்கப்பட்டிருப்பதில்லை. மாலையில் இதழ் விரியும்போதுதான் பூ அதை உருவாக்குகிறது. பறித்த பிறகும் அந்த வேலை நிற்பதில்லை. பிரான்சின் கிராஸ் நகரில் கொழுப்பு தடவிய கண்ணாடித் தட்டுகளில் மல்லிகையைப் பரப்பிவைத்து மணம் பிடித்தது இதை நம்பித்தான். நம் ஊர் வாசனைத் தொழிற்சாலைகளிலும் காலையில் வந்திறங்கும் குண்டுமல்லி மொட்டுகளை உடனே கரைப்பானில் போடுவதில்லை. பரப்பிவைத்து, இரவில் அவை மலரும்வரை காத்திருக்கிறார்கள்.

நன்றி, வணக்கம்.