மூன்றாவது நகல் எங்கே போகிறது?

நேயர்களுக்கு வணக்கம். ஏதாவது ஓர் அலுவலகத்தில் விண்ணப்பம் கொடுத்துவிட்டுக் காத்திருக்காதவர் நம்மில் யாரும் இருக்க மாட்டோம். "மேலே போயிருக்கு, அப்புறம் வாங்க" என்பார்கள். அந்தக் காகிதம் யார் மேஜையில் கிடக்கிறது, ஏன் கிடக்கிறது என்று தேடிப் போவதுதான் என்னைப் போன்ற நிர்வாகப் பகுப்பாய்வாளரின் வேலை. நடைமுறை, படிவம், ஆள்பலம், செலவு எல்லாவற்றையும் ஆராய்ந்து, எதை மாற்றலாம் என்று மேலிடத்துக்கு எழுதிக் கொடுப்பவர் அவர். முடிவெடுப்பது மேலிடம்.

1921-இல், வேலை செய்யும் முறைகளை ஆராய்ந்த பிராங்க், லில்லியன் கில்பிரெத் தம்பதியர் அமெரிக்க இயந்திரப் பொறியாளர்கள் சங்கத்தில் ஒரு முறையை விளக்கினார்கள். ஒரு வேலையின் ஒவ்வொரு படியையும் வரிசையாக எழுதிப் பார்க்கும் முறை அது. பின்னாளில் அந்தச் சங்கம் அந்தப் படிகளை ஐந்து வகையாக்கியது: செய்வது, நகர்வது, சரிபார்ப்பது, காத்திருப்பது, பத்திரப்படுத்துவது. வானொலியில் படம் போட்டுக் காட்ட முடியாது. நீங்கள் கொடுத்த விண்ணப்பத்தையே நினைத்துக்கொள்ளுங்கள். அதன்மேல் ஒருவர் உண்மையில் வேலை செய்வது பெரும்பாலும் சில நிமிடங்கள்தான், மீதியெல்லாம் காத்திருப்பு. அதனால்தான், "ஆட்கள் சரியில்லை" என்று யாராவது சொன்னால் நான் உடனே ஒப்புக்கொள்வதில்லை.

ஓர் அலுவலகத்தில் கொள்முதல் கோரிக்கைக்கு மூன்று நகல் எடுப்பார்கள். மூன்றாவது மஞ்சள் காகிதம். அது போகும் இடமெல்லாம் நானும் போனேன். மாடியில் ஒரு பிரிவு. அங்கிருந்த அம்மா தேதி முத்திரை குத்தினார், நோட்டில் எண் போட்டார், துளை போட்டுக் கோப்பில் கட்டினார், பீரோவில் வைத்தார். "இதை யார் கேட்பாங்க மேடம்?" என்றேன். "யாரும் கேட்டதில்லை சார். வருது, வைக்கிறேன்."

விசாரித்தால், ஒரு காலத்தில் பில்லுக்குப் பணம் கொடுத்தது அந்தப் பிரிவுதானாம். அந்த வேலை வேறு பிரிவுக்குப் போய்விட்டது. மஞ்சள் காகிதம் மட்டும் வருவது நிற்கவில்லை. சரி, எல்லாவற்றையும் நிறுத்திவிடலாம் என்று கிளம்பும்போது அந்த அம்மா சொன்னார்: "தணிக்கைக்கு வர்றவங்க நோட்டை மட்டும் பார்ப்பாங்க சார்." நகல் நின்றது, நோட்டு தொடர்ந்தது. அவரிடம் கேட்காமல் எழுதியிருந்தால் நோட்டும் போயிருக்கும். தகவல் தந்தவர் அவர்தான் என்று அறிக்கையில் குறிப்பிட்டேன். அதைக் கட்டாயம் எழுத வேண்டும். மேஜையில் உட்கார்ந்து வேலை செய்கிறவருக்குத் தெரிந்ததைக் கேட்டு வாங்கித்தான் நாம் அறிக்கை எழுதுகிறோம். அவர் பெயர் அதில் வராமல் போவது நியாயமில்லை.

கையெழுத்து விஷயத்திலும் கேட்டுத்தான் பார்க்க வேண்டும். ஒரு கோப்பில் ஆறு பேர் கையெழுத்து இருந்தால், ஒவ்வொருவரிடமும் நான் கேட்பது ஒன்றுதான்: "கடைசியாக எப்போது முடியாது என்று எழுதினீர்கள்?" பதில் சொல்ல யோசிக்கிறார் என்றால், அந்தக் கையெழுத்து எதற்கு என்று ஆராயலாம். ஆராயலாம் என்றுதான் சொல்கிறேன், உடனே எடுத்துவிடச் சொல்லவில்லை. மஞ்சள் காகிதத்துக்குச் சொன்னதுதான் இதற்கும்: முதலில் கேளுங்கள்.

வரவு செலவுத் திட்டத்தைப் பற்றி விரிவாகச் சொல்ல நினைத்தேன், நேரம் நெருங்கிவிட்டது. ஒன்று மட்டும் சொல்கிறேன். நடைமுறை மாறி ஒருவருக்கு ஒரு மணி நேரம் மிச்சமானால், அதைப் பணம் மிச்சமானதாகக் கணக்கில் காட்டாதீர்கள். சம்பளம் அப்படியேதான் இருக்கும். அந்த ஒரு மணி நேரத்தில் அவர் வேறு என்ன செய்யப்போகிறார் என்று எழுதுங்கள். ஆள்பலக் கணக்கை இன்னொரு வாய்ப்பில் பேசுகிறேன். வணக்கம்.