‘என்பது குறிப்பிடத்தக்கது’: ஒரு மரணச் செய்தியும் பஹாய்களின் பதிலும்

[காட்சி: ஏற்காடு மலைப்பாதை. கொண்டை ஊசி வளைவில் ஒரு பேருந்து ஹாரன் அடித்தபடி திரும்புகிறது.]

வணக்கம். காலையில் டீக்கடையில் பேப்பரைப் பிரிக்கிறீர்கள். மாவட்டச் செய்திப் பக்கத்தில் யாரோ ஒருவர் இறந்த செய்தி. வயது, ஊர், பார்த்த வேலை, எத்தனை பிள்ளைகள் என்று வரிசையாகப் போகிறது. கடைசி வரி: “இவர் இன்ன மதத்தைச் சேர்ந்தவர் என்பது குறிப்பிடத்தக்கது.”

எதற்குக் குறிப்பிடத்தக்கது? அவர் சாவுக்கும் மதத்துக்கும் என்ன சம்பந்தம்? செய்தி சொல்லாது. ஆனால் படிக்கிறவர் மனதில் ஒரு முடிச்சு விழுந்துவிடும். பெரிய மதம் என்றால் யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள். பக்கத்து வீட்டுக்காரருக்கே பெயர் தெரியாத மதம் என்றால், அந்த ஒரு வரிதான் அன்றைக்கு ஊர்ப்பேச்சு.

இந்த முடிச்சு ஒருமுறை உலகச் செய்தியிலேயே விழுந்தது.

[காட்சி: பழைய செய்தித்தாள்களின் குவியல். முகங்கள் தெரிய வேண்டாம்.]

டேவிட் கெல்லி. பிரிட்டன் பாதுகாப்பு அமைச்சகத்தின் உயிரியல் ஆயுத நிபுணர். ஐ.நா. ஆய்வாளராக ஈராக்குக்குப் பலமுறை போய் வந்தவர். ஈராக் ஆயுதங்களைப் பற்றி அரசு வெளியிட்ட ஆவணம் ஊதிப் பெரிதாக்கப்பட்டது என்று 2003 மே 29 அன்று பிபிசி வானொலியில் ஒரு செய்தி வந்தது. அதைச் சொன்னது யார் என்று தேடல். ஜூலையில் கெல்லியின் பெயர் வெளியே வந்தது. ஜூலை 15 அன்று நாடாளுமன்றக் குழுவின் முன்னால் கேமராக்கள் பார்க்க உட்கார வைத்துக் கேள்வி கேட்டார்கள். 17ஆம் தேதி வீட்டை விட்டு நடக்கப் போனவர் திரும்பவில்லை. மறுநாள் உடல் கிடைத்தது. வயது 59. ஹட்டன் பிரபு தலைமையில் விசாரணை நடந்தது. அது தற்கொலை என்று 2004 ஜனவரியில் அறிக்கை சொன்னது. அதை ஏற்காதவர்கள் இன்றும் இருக்கிறார்கள். நாம் அந்தப் பக்கம் போகவில்லை.

கெல்லி ஒரு பஹாய். 19ஆம் நூற்றாண்டில் பாரசீகத்தில் பஹாவுல்லா என்பவர் தொடங்கிய மதம் அது. 1999இல் அதில் சேர்ந்தவர். பத்திரிகைக்காரர்களுக்கு இது தெரிந்ததும் அவர்கள் என்ன செய்திருப்பார்கள் என்று உங்களுக்கே தெரியும். பஹாய் என்றால் என்ன? ரகசியக் கூட்டமா? அந்த மதம் அவரை ஏதாவது செய்ததா? ஒருவர் எதை நம்பினார் என்பது துப்பறியும் கதையில் ஒரு தடயமாக மாறிவிட்டது.

இந்த இடத்தில் ஒரு நடைமுறைச் சிக்கல் வரும். யாரிடம் பைட், அதாவது கேமரா முன் ஒரு கருத்து, வாங்குவது? கோவில் என்றால் குருக்கள் இருப்பார், தேவாலயம் என்றால் பாதிரியார், பள்ளிவாசல் என்றால் இமாம். பஹாய்களிடம் மதகுருவே கிடையாது. ஊருக்கு ஊர் ஒன்பது பேர் கொண்ட சபை. ஆண்டுக்கு ஒருமுறை தேர்தல். வேட்புமனு இல்லை, பிரசாரம் இல்லை, ரகசிய ஓட்டு மட்டும். (நம் ஊர் வார்டு தேர்தலைப் பார்த்தவர்களுக்கு நம்பக் கஷ்டம்தான்.) இதே மாதிரி தேசிய சபை ஒன்று. எல்லாவற்றுக்கும் மேலே இஸ்ரேலின் ஹைஃபாவில் 1963 முதல் ‘உலக நீதி மன்றம்’ என்ற உச்ச சபை. (பெயரைப் பார்த்து வழக்கு நடக்கும் கோர்ட் என்று நினைக்க வேண்டாம்.) டெல்லியில் 1986இல் திறந்த தாமரைக் கோவில் இவர்களுடையதுதான். அங்கேயும் பூசாரி இல்லை, பிரசங்கம் இல்லை.

ஆகவே ஒரு பஹாய் மைக்கைப் பிடித்து ‘எங்கள் மதம் இப்படித்தான்’ என்று பேசினால், அது அவருடைய சொந்தக் கருத்து, அவ்வளவுதான். சமூகத்தின் சார்பில் பேச வேண்டியது சபை. ஹட்டன் விசாரணையில் நடந்ததும் அதுதான். பிரிட்டன் தேசிய சபையின் செயலாளர் சாட்சியாக வந்தார். தற்கொலை பற்றி உங்கள் மதம் என்ன சொல்கிறது என்பது அவரிடம் கேட்கப்பட்ட விஷயங்களில் ஒன்று.

கஷ்டமான கேள்வி. தற்கொலையைப் பஹாய் போதனை ஏற்பதில்லை, உயிர் கடவுள் தந்தது என்று சொல்கிறது. இதை மட்டும் சொல்லிவிட்டு நிறுத்தினால் மறுநாள் தலைப்பு என்னவாக இருக்கும்? ‘கெல்லி பாவி’ என்றுதான். ஆனால் போதனைக்கு இன்னொரு பாதி இருக்கிறது. பஹாவுல்லாவின் மகன் அப்துல்-பஹா, அப்படி இறந்த ஒருவரைப் பற்றி எழுதும்போது, அவர் மன்னிப்பின் கடலில் மூழ்குவார் என்றார். செயலை ஏற்பதில்லை, இறந்தவருக்குத் தீர்ப்பும் எழுதுவதில்லை. இரண்டு பாதியையும் ஒரே மூச்சில் சொல்லத் தெரிந்தவர்தான் மைக் முன்னால் நிற்க வேண்டும். புறணி பேசுவது இதயத்தின் ஒளியை அணைத்துவிடும் என்று பஹாவுல்லா எழுதியிருக்கிறார். இறந்தவரைப் பற்றி ஊகம் பேச ஒரு பஹாய் தயங்குவதற்கு அதுவும் காரணம்.

இன்னொரு விஷயம், எனக்கு ரொம்பப் பிடித்தது. பத்திரிகைகளைப் பற்றியே பஹாவுல்லா எழுதியிருக்கிறார், அதுவும் 19ஆம் நூற்றாண்டில். செய்தித்தாள் உலகத்தின் கண்ணாடி, அதற்குக் கண்ணும் காதும் வாயும் உண்டு என்கிறார். எழுதுகிறவர் விருப்பு வெறுப்பை விட்டு, நியாயமாக, முடிந்தவரை விசாரித்து எழுத வேண்டும் என்கிறார். அதோடு விடவில்லை. தன்னைப் பற்றி வந்த செய்திகளில் பெரும்பாலானவை உண்மையில்லை என்று அங்கேயே புகாரும் வைக்கிறார். நாடு கடத்தப்பட்டு, காவலில் வைக்கப்பட்டு வாழ்ந்த மனிதர் செய்தித்தாளைத் திட்டி ஒதுக்கியிருக்கலாம். ஒதுக்கவில்லை.

[காட்சி: காப்பித் தோட்டம், சில்வர் ஓக் மரங்கள், மிளகுக் கொடி.]

சரி, நம் ஊருக்கு வருவோம். ஏற்காட்டுக்காரரான ஒரு பஹாய் சேலத்து மருத்துவமனையில் இறக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். எரிக்க மாட்டார்கள், அடக்கம்தான். உடலைக் கழுவி, பட்டிலோ பருத்தியிலோ சுற்ற வேண்டும் என்கிறது அவர்கள் சட்ட நூல். சேலத்துக்காரருக்கு இரண்டுமே வீட்டுச் சரக்கு. இறந்தவருக்கு 15 வயது ஆகியிருந்தால் விரலில் ஒரு மோதிரம், ‘இறைவனிடமிருந்து வந்தேன், அவரிடமே திரும்புகிறேன்’ என்ற கருத்தில் தொடங்கும் வாசகத்தோடு. இறந்தவருக்கான பிரார்த்தனையை ஒருவர் சொல்ல, மற்றவர்கள் எழுந்து நிற்பார்கள். அதில் ஆறு வரிகளை ஒவ்வொன்றும் 19 முறை சொல்ல வேண்டும்.

அப்புறம் அந்த ஒரு மணி நேர விதி. இதில்தான் செய்தி பிசகும். ‘இறந்த ஒரு மணி நேரத்துக்குள் புதைத்துவிட வேண்டும்’ என்று எழுதுவார்கள். படிக்கிறவர், ‘இவ்வளவு அவசரமா? எதை மறைக்கிறார்கள்?’ என்பார். விதி அது இல்லை. இறந்த ஊரிலிருந்து ஒரு மணி நேரப் பயணத்துக்கு மேல் உடலைக் கொண்டுபோகக் கூடாது, அவ்வளவே. கணக்கு ஊர் எல்லையிலிருந்து அடக்கம் செய்யும் இடம் வரை. எங்கே இறந்தாரோ அந்த மண்ணுக்குப் பக்கத்திலேயே உறங்கட்டும் என்பது ஏற்பாடு. அது கெடு இல்லை, தூரம் என்று சரியாக எழுத ஒரு போன் கால் போதும்.

அப்படியென்றால் நம் ஆளை மலைக்குக் கொண்டுபோக முடியுமா? இந்த வீடியோவுக்காகவே சேலத்தின் ஓரத்தில் இருக்கும் கோரிமேட்டில் ஸ்டாப்வாட்சைத் தட்டிவிட்டுக் காரைக் கிளப்பினேன். அடிவாரம், 20 கொண்டை ஊசி வளைவுகள், ஒரு லாரிக்குப் பின்னால் ஊர்ந்தது எல்லாம் சேர்த்து ஏற்காடு ஏரிக்கரையில் நிறுத்தியபோது 50 நிமிடம்.

முடியும். ஞாயிற்றுக்கிழமையாக இல்லாமல் இருந்தால்.