தொப்பியை மறந்துவிட்டான்

நேயர்களுக்கு வணக்கம்.

துப்பறியும் கதை கைக்கு வந்தால் கடைசிப் பக்கத்தை முதலில் புரட்டிவிடுகிற பழக்கம் எனக்குப் பள்ளிக்கூட நாளிலிருந்தே உண்டு. கொலை செய்தது யார் என்று தெரிந்தால்தான் நிம்மதியாகப் படிக்க முடியும். அந்தப் பழக்கத்துக்கு வேலையே வைக்காத ஒரு கதையைப் பற்றி இன்று பேசப் போகிறேன்.

எழுதியவர் ஆஸ்டின் ஃப்ரீமன். இங்கிலாந்துக்காரர், படித்தது மருத்துவம். 1912-இல் வந்த 'தி சிங்கிங் போன்' என்ற அவருடைய தொகுப்பில் ஆஸ்கார் பிராட்ஸ்கியின் வழக்கு என்று ஒரு கதை. அதில் இரண்டு பாகம். முதல் பாகத்தில் கொலைகாரனோடு நடக்கிறோம், இரண்டாம் பாகத்தில் துப்பறிகிறவரோடு.

சைலஸ் ஹிக்லர் ஒரு திருடன். ஆனால் அதுவரை யாரையும் அடித்ததுகூடக் கிடையாது. ஒரு நாள் மாலை, ரயிலடிக்குப் போகிற வழியில் பிராட்ஸ்கி அவன் வீட்டுப் பக்கம் வருகிறார். வைர வியாபாரி என்று பார்த்ததுமே தெரிந்துவிடுகிறது. ரயிலுக்குத்தான் நேரம் இருக்கிறதே, உள்ளே வந்து உட்காருங்கள் என்று அழைக்கிறான். செய்யலாமா, வேண்டாமா என்று அவன் மனம் கிடந்து அல்லாடுவதை ஃப்ரீமன் அவசரமே இல்லாமல் சொல்கிறார். அப்புறம் அது நடந்துவிடுகிறது. உடலைத் தூக்கிப் போய்த் தண்டவாளத்தில் கிடத்துகிறான். நொறுங்கிய மூக்குக்கண்ணாடியின் சில்லுகளைக்கூடப் பொறுக்கிக்கொண்டு போய் அங்கே போடுகிறான். வீட்டுக்குத் திரும்பிப் பார்த்தால், செத்தவரின் தொப்பி உள்ளேயே இருக்கிறது.

அந்த வரியில் எனக்கு வயிற்றைப் பிசைந்துவிட்டது. ஐயோ, தொப்பியை விட்டுவிட்டானே என்று பதறினேன். யாருக்காகப் பதறுகிறேன் என்பது அதற்கப்புறம்தான் உறைத்தது. உள்ளே அழைத்து உட்காரவைத்த மனிதரைக் கொன்றவனுக்காக! அவன் அந்தத் தொப்பியைத் துண்டு துண்டாக வெட்டி அடுப்பில் போடும்போது, சீக்கிரம் எரியட்டும் என்று என் மனம் சொன்னது. அதை மறைக்க நான் விரும்பவில்லை.

சரி, இரண்டாம் பாகம். துப்பறிகிறவரான தார்ன்டைக் வருகிறார். அவருடைய நண்பர் ஜெர்விஸ் கதை சொல்கிறார். கழுத்தில் ரயில் ஏறியிருக்கிறது, ரத்தமோ அவ்வளவாக இல்லை. அப்படியானால் ரயில் வருவதற்கு முன்பே உயிர் போயிருக்க வேண்டும். கண்ணாடிச் சில்லுகளை ஒன்றோடொன்று பொருத்திப் பார்க்கிறார். மூக்குக்கண்ணாடி கிட்டத்தட்ட முழுமையாகிவிடுகிறது, ஆனாலும் சில சில்லுகள் மிஞ்சுகின்றன. அவை வேறு கண்ணாடி. சைலஸ் வீட்டில் கீழே விழுந்து உடைந்த தம்ளருடையவை. சைலஸ் அத்தனை கவனமாகப் பொறுக்கியதே அவனைக் காட்டிக்கொடுக்கிறது. அடுப்புச் சாம்பலில் அரக்கு வாடை இருக்கிறது. தொப்பியை விறைப்பாக வைப்பதற்குப் போட்ட அரக்கு அது. நாம் கண்ணால் பார்த்த பொருள்களைத்தான் அவர் ஒவ்வொன்றாகக் கையில் எடுக்கிறார். அடுத்து எதைத் தொடுவார் என்று தெரிந்தும் நெஞ்சு அடித்துக்கொள்கிறது.

யார் என்பதைவிட எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள் என்பதில்தான் சுவை என்று ஃப்ரீமன் நம்பினார். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது, இரண்டு பேர் பக்கமும் நம்மை அவர் நிற்கவைப்பது.

இதே வழியில் இன்னும் ஆழமாகப் போனவர் கவிஞர் செசில் டே-லூயிஸ். நிக்கோலஸ் பிளேக் என்ற புனைபெயரில் 1938-இல் ஒரு நாவல் எழுதினார், 'தி பீஸ்ட் மஸ்ட் டை'. மகனை மோதிவிட்டு நிற்காமல் போன காரோட்டியைத் தேடிக் கொல்வதற்குத் திட்டமிடும் தகப்பனின் நாட்குறிப்போடு தொடங்குகிறது. இங்கே பதற்றம்கூட இல்லை, அந்த ஆள் அகப்பட வேண்டும் என்றே மனம் கேட்கிறது. பிறகு துப்பறிகிறவர் வந்து, நாம் படித்த அதே நாட்குறிப்பைச் சாட்சியப் பொருளாகப் படிக்கிறார். நான் கண் கலங்கிப் படித்த வரிகளில் அவர் நின்று சந்தேகப்படுகிறார்.

அதற்கு மேல் கதையைச் சொல்லமாட்டேன். அன்று ராத்திரி நான் கடைசிப் பக்கத்தைப் புரட்டவில்லை. விளக்கை அணைக்காமல், முதல் பக்கத்துக்குத் திரும்பி அந்தத் தகப்பன் எழுதியதை மறுபடி படிக்க ஆரம்பித்தேன்.

வணக்கம்.